அமலோற்பவம் கைப்பட

ஜூன் 3, திங்கள்

ஓலைப் பெட்டி முடைகிற எங்கள் மகளிர் சங்கத்துக்கு இரண்டு நோட்டுகள் வந்திருக்கின்றன. பச்சை நோட்டில் யார் வந்தார்கள், எத்தனை பெட்டி முடைந்தார்கள், எப்போது வீட்டுக்குப் போனார்கள் என்று தினமும் எழுத வேண்டும். வெளிநாட்டுக்கு விற்பதற்கான நியாய வணிகச் சான்றிதழ் நிலைக்க வேண்டுமானால் எழுதித்தான் ஆக வேண்டுமாம். இந்தச் சிவப்பு நோட்டு மிச்சம். தலைவியாக ஆன பிறகு மனதில் கிடப்பதைக் கொட்ட எனக்கும் ஓர் இடம் வேண்டும். வாயால் சொன்னால் மிக்கேலம்மாள் காதில் விழும். அரை மணி நேரத்தில் எங்கள் ஊர் சவேரியார்விளை முழுக்கத் தெரிந்துவிடும். அவள்தான் எங்கள் சங்கத்துச் செயலாளர். பெட்டிகளைச் சரிபார்த்து, குறை இருந்தால் தள்ளுகிறவளும் அவள்தான்.

இன்றைய செய்தி இரண்டு. டென்மார்க் ஆர்டர் உறுதியாகிவிட்டது. இருநூற்று நாற்பது அடுக்குப் பெட்டி. ஓர் அடுக்குக்கு மூன்று பெட்டி, ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டும், மூன்றுக்கும் மூடி. அந்த ஊரில் கம்பளி நூல், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஓலைப் பெட்டியில் போட்டு அலமாரியில் அடுக்கி வைக்கிறார்களாம். ஆகஸ்ட் கடைசியில் கப்பல் ஏற வேண்டும்.

இரண்டாவது செய்தி, என் வீட்டுக்காரர் இஞ்ஞாசிமுத்து. அரசு பஸ்ஸில் முப்பத்து நான்கு வருடம் கண்டக்டராக இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றார். மூன்று நாட்களாக வீட்டில் இருக்கிறார். இன்று அடுப்படி டப்பாக்களை எல்லாம் உயரவாரியாக வரிசையில் நிறுத்தியிருக்கிறார். சீனி எங்கே என்று கேட்டால், "மூணாவது சீட்டு, ஜன்னலோரம்" என்கிறார்.

ஜூன் 5, புதன்

அங்கே இருந்தது ரவை.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து சாளை மீன் குழம்பு வைத்தேன். காப்பி டம்ளர் கையை விட்டு நழுவி, வெள்ளைச் சேலை பாழ். பாத்திரம் துலக்கும் சோப்பு சரியில்லை. வழவழவென்று இருக்கிறது. மாற்ற வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

வேலையைப் பிரித்துக் கொடுத்தாயிற்று. என்னோடு சேர்த்து இருபத்து மூன்று பேர், ஆளுக்குப் பத்து அடுக்கு. மிச்சம் பத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். எனக்கு மட்டும் இருபது. அடுக்கில் மூன்றாவது பெட்டிதான் ஆளைக் கொல்லும். எலுமிச்சம்பழம் இரண்டு வைத்தால் நிறைந்துவிடும் அளவு. குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, நூல் மாதிரி கிழித்து, ஈரம் காயாமல் முடைய வேண்டும். மூடி ஒரு நூல் பெருத்தால் கழன்று விழும். ஒரு நூல் சிறுத்தால் ஏறாது. மாதிரிப் பெட்டி போன வருடம் நான் முடைந்தது. அதைப் பார்த்துத்தான் ஆர்டரே வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஓலை கிழிக்கும் கத்தி இரண்டு தடவை வழுக்கியது. பழைய கத்தி. மத்தியானம் வந்து பார்த்தால் அவர் அதன் கைப்பிடியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றித் தடியாகக் கட்டி வைத்திருக்கிறார். பார்க்க அசிங்கம். பிடிக்க வாகாக இருக்கிறது. இதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 20, வியாழன்

ஓய்வு பெற்ற ஆணை வீட்டில் வைத்துக்கொள்வது எப்படி என்று அரசாங்கம் பெண்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுக்கலாம்.

ஊறுகாய் பாட்டில், சீனி டப்பா, எண்ணெய்ப் போத்தல், எதையும் இறுக்கி மூடுவதில்லை. மூடியை மேலே சும்மா வைத்திருக்கிறார். சீனியில் எறும்பு. கேட்டால், "காத்தோட்டமா இருக்கட்டும்" என்கிறார். சீனிக்கு எதற்குக் காற்று? தேங்காயை நான் எழும்புமுன் துருவி வைத்துவிடுகிறார். தண்ணீர்க் குடத்தை எடுத்துவிட்டு, குழாய் வைத்த பிளாஸ்டிக் டிரம்மை வாங்கி வைத்திருக்கிறார். என் அடுப்படியில் நான் விருந்தாளி மாதிரி நிற்கிறேன்.

ஜூன் 26, புதன்

நேற்று ஒரு மூடி ஏறவே மாட்டேன் என்றது. கோபத்தில் அப்படியே போட்டுவிட்டுச் சங்கத்துக்குப் போய்விட்டேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் அளவாக உட்காருகிறது. ஓலை காய்ந்தால் தானாகவே இறுகும். அனுபவம் உள்ளவர்களுக்கு இது தெரியும்.

ஜூலை 2, செவ்வாய்

சான்றிதழுக்கான படிவம் அனுப்பச் சொல்லி சென்னையிலிருந்து போன். முப்பது கேள்வி. குடிக்கத் தண்ணீர் உண்டா, கழிப்பறை உண்டா, சாயம் காய்ச்சும் இடத்தில் புகை போக வழி உண்டா. பதினான்காவது கேள்வி: உறுப்பினர்களில் யாருக்காவது வேலையினால் கை, கழுத்து, முதுகில் வலி அல்லது மரமரப்பு உண்டா?

என் பெயர் உட்பட இருபத்து மூன்று பெயருக்கு நேராகவும் 'இல்லை' என்று ஒரே மூச்சில் போட்டு முடித்தேன். நல்ல சங்கம் என்றால் எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கும். கையெழுத்துதான் கொஞ்சம் கோணலாக வந்தது. பேனா சரியில்லை.

ஜூலை 9, செவ்வாய்

ஏழு அடுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். மிக்கேலம்மாள் மூடியைத் திறந்தாள், மூடினாள், தலைகீழாகப் பிடித்து ஆட்டினாள். கழன்று விழவில்லை.

"யக்கா, வயசாக வயசாக ஒங்க கை பதமாயிட்டே வருதே" என்றாள்.

"ஓலை நல்ல ஓலை" என்றேன். அடக்கமாகச் சொன்னேன் என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒரு யோசனை. இந்த ஏழில் மூன்றை நான் முடித்ததாக நினைவில்லை. ஐம்பத்தைந்து வயதில் மறதி வருவது சகஜம்.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் நாள். காற்று தேரிக்காட்டுச் செம்மணலை அள்ளி ஊர் முகத்தில் வீசுகிறது. காயப்போட்ட ஓலை எல்லாம் பறந்து, பின்னாலேயே நாங்கள் ஓடி, என் கண்ணில் மண் விழுந்து, பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முன்கதவு சாத்தியிருந்தது. அடுப்படிக் கதவும் சாத்தியிருந்தது. திறந்தேன்.

அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மூக்கு நுனியில் கண்ணாடி. மடியில் ஈரத் துண்டு. கையில் மூன்றாம் பெட்டி. விரல்கள் ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, கூட்டமான பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பதுபோல, பார்வை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். என்னைப் பார்த்ததும் பெட்டியை அரிசிப் பானைக்குள் போட்டார்.

"என்ன செய்யுதிய?" என்றேன்.

"அரிசியில கல்லு பாக்கேன்."

பானைக்குள் கையை விட்டு எடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்க என்னால் முடிந்தவரை முயன்றேன்.

"எங்க படிச்சிய?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டுதான் சொன்னார். அவருக்கு மூத்தவர்கள் ஐந்து பெண்கள். வீட்டில் எல்லாரும் பெட்டி முடைகிறவர்கள். பிள்ளைப் பருவத்தில் இவரும் சேர்ந்து உட்கார்ந்து முடைந்திருக்கிறார். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் பார்த்துவிட்டு 'பெட்டிக்காரி' என்று கூப்பிட்டார்களாம். அன்றோடு விட்டுவிட்டார்.

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடம். எதிரே உட்கார்ந்து நான் ஆயிரக்கணக்கில் முடைந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜூலை 18, வியாழன்

சண்டை. நான் சொன்னது: இது மகளிர் சங்கம். பெட்டியில் 'அமலோற்பவம் கைப்பட முடைந்தது' என்று அட்டை கட்டி அனுப்புகிறோம். நீங்கள் முடைந்தால் அது பொய். பொய் வெளியே தெரிந்தால் சான்றிதழ் போகும், சான்றிதழ் போனால் மற்ற இருபத்திரண்டு வீட்டிலும் ஏச்சு வாங்குவேன்.

அவர் சொன்னது: "சரி."

சண்டைக்கு இந்தப் பதில் போதாது. அதனால் நான் இன்னும் அரை மணி நேரம் பேசினேன்.

பொய்மேல்தான் எனக்குக் கோபம். அவருடைய மூடி என்னுடையதைவிடச் சுத்தமாக இருப்பதற்கும் என் கோபத்துக்கும் சம்பந்தமில்லை.

ஜூலை 19, வெள்ளி

பேசவில்லை. தேங்காய் மட்டும் துருவியிருந்தது.

ஜூலை 22, திங்கள்

நானே தனியாக உட்கார்ந்து முடைந்த இரண்டு அடுக்கைக் கொடுத்தேன். மிக்கேலம்மாள் கையில் எடுத்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"யக்கா, இது மூடியா தொப்பியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சாயம் காய்ச்சும் கொட்டகைப் பக்கம் போய்க் கொஞ்சநேரம் நின்றேன். அங்கே புகை. கண்ணில் தண்ணீர் வரும்.

ஜூலை 24, புதன்

அவரிடம் நிபந்தனை போட்டேன். ஒன்று, மூன்றாம் பெட்டி மட்டும். இரண்டு, கதவு சாத்தியிருக்க வேண்டும். மூன்று, நான் தலைவி, நான் சொல்கிற அளவுதான் அளவு. இந்த ஆர்டர் முடிகிற வரைதான் இதெல்லாம்.

"ரைட்" என்றார். கயிறு இருந்தால் மணியும் அடித்திருப்பார்.

ஆகஸ்ட் 3, சனி

ஒன்று சொல்ல வேண்டும், இவரோடு உட்கார்ந்து வேலை செய்வது அவ்வளவு மோசமில்லை. வழித்தடக் கதைகள் சொல்கிறார். பஸ்ஸில் பெட்டை ஆட்டுக்கு டிக்கெட் கேட்டதற்கு, அது கர்ப்பமாக இருக்கிறது, சலுகை கொடு என்று ஒருத்தி சண்டை போட்டாளாம். கொடுத்தீர்களா என்றேன். "ஆட்டுக்கு உக்கார எடம் கொடுத்தேன். அவள நிக்க வச்சேன்."

வெளியில்தான் சிக்கல். நாலைந்து நாளாக ஆளைத் தெருவில் காணவில்லை என்று மிக்கேலம்மாள் கேட்டாள்.

"தூங்குதாவ" என்றேன்.

"பகல்லயா? கதவையும் சாத்திக்கிட்டா?"

"உடம்புக்குக் கொஞ்சம் முடியல."

சாயங்காலம் ஒரு தூக்குச் சட்டி நிறைய நோய்க் கஞ்சியோடு வந்து நிற்கிறாள். அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கட்டிலில் முனகினார். முனகல் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது. அவள் போன பிறகு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "நாளைக்கும் வருவாளா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அட்டைகள் அச்சாகி வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் முடைந்தவர் படம், பெயர். என் படத்தில் நான் சிரிக்கிறேன். 'இந்தப் பெட்டியை அமலோற்பவம் தன் கைப்பட முடைந்தார்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது.

அவர் சின்னப் பெட்டி முடைந்த ஒன்பது அடுக்குகளுக்கு அட்டை கட்டும்போது முடிச்சு போடவே வரவில்லை. நூல் சரியில்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன்.

சென்னையிலிருந்து வந்த பெண்ணின் பெயர் மிருதுளா. முப்பது வயதுகூட இருக்காது. அதிகாரி என்று நாற்காலி போட்டு வைத்திருந்தோம். அவள் பாயில் உட்கார்ந்துவிட்டாள். கருப்பட்டிக் காப்பி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். தண்ணீர், கழிப்பறை, புகைக்கூண்டு எல்லாம் பார்த்தாள். எல்லாம் சரி. நான் மூச்சு விட்டேன்.

பிறகு பெட்டிகளிடம் வந்தாள். ஓர் அடுக்கை எடுத்து மூன்றையும் பிரித்து வரிசையாக வைத்தாள். மூன்றாம் பெட்டியின் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தாள். அட்டையைப் படித்தாள்.

"இது நீங்கதானா? ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. இத நீங்க முடையிறத ஒரு ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்துக்கட்டுமா? வாங்குறவங்களுக்குக் காட்டணும்."

"இங்கன வெளிச்சம் பத்தாதே" என்றேன்.

நான்கு பேர் எழுந்து பாயை வாசல் பக்கம் இழுத்துப் போட்டார்கள்.

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்."

மிக்கேலம்மாள் தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினாள். "ஒரே பவரு யக்கா, நாமதான் ஒண்ணா போய் எடுத்தோம்."

"ஓலை நனைச்சு வைக்கல."

ஓலை வந்தது. நனைந்து, கிழித்து, நூல் மாதிரி, தட்டில் வைத்து வந்தது. இவ்வளவு ஒற்றுமையான சங்கத்துக்குத் தலைவியாக இருப்பதில் இந்த ஒரு கஷ்டம் உண்டு.

உட்கார்ந்தேன். நான்கு ஓலையைக் குறுக்கே வைத்தேன். ஐந்தாவதை அடியில் விட்டு மேலே எடுக்க வேண்டும். எடுத்தேன் என்றுதான் நினைத்தேன். ஓலை பாயில் கிடந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடி கிடந்தது. என் விரல் ஓலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன். மூன்றாம் தடவைக்குப் பிறகு அந்தப் பெண் போனைக் கீழே இறக்கிவிட்டாள்.

எட்டு மாதமோ ஒன்பது மாதமோ நான் சோப்பையும் கத்தியையும் பேனாவையும் நூலையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே குறை சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"இது நான் முடைஞ்சது இல்ல" என்றேன். "ஒம்பது அடுக்குல சின்னப் பெட்டி எல்லாம் எங்க வீட்டுக்காரவுக முடைஞ்சது. என் கைக்கு ஓலை தெரிய மாட்டேங்கி."

மிருதுளா பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"பதினாலாம் கேள்விக்கு எல்லாருக்கும் 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்களே."

"நான்தான் போட்டேன்."

"இவங்ககிட்ட எல்லாம் கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன்மா?"

பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "கேட்டா, ஒனக்கு எப்படி இருக்குன்னு எங்கிட்டயும் கேப்பாவ."

மிருதுளா அதை எழுதிக்கொண்டாள். பிறகு மிக்கேலம்மாள் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"எனக்குக் காலையில எந்திரிச்சா ரெண்டு விரலு மரத்துக் கெடக்கும் மேடம். சுடுதண்ணியில முக்குனாத்தான் உசுரு வரும். தலைவி யக்காவே நல்லா இருக்காவளே, நமக்கு என்ன கேடுன்னு இருந்தேன்."

பின்வரிசையில் இன்னொரு கை. அப்புறம் இன்னொன்று. எண்ணினேன். என்னோடு சேர்த்து பதினொன்று. இத்தனை வருடமும் அடுத்தடுத்து உட்கார்ந்து முடைந்திருக்கிறோம்.

அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். மிக்கேலம்மாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அது கெடக்கட்டும். யக்கா, நான் கஞ்சி கொண்டு வந்தேனே, அண்ணாச்சிக்கு நோய்க்கா, பெட்டி முடையத் தெம்புக்கா?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. உடனே ஆள் அனுப்பி அவரை வரச் செய்தார்கள். தலையைப் படிய வாரி, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இருபத்து மூன்று பெண்களைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது. அந்தப் பதின்மூன்று வயதுப் பையன் அங்கே நிற்பதை நான் மட்டும் பார்த்தேன்.

"முன்னாடி போங்க அண்ணாச்சி, எடம் இருக்கு" என்றாள் மிக்கேலம்மாள்.

உட்கார்ந்தார். முதல் இரண்டு சுற்றைப் பிரித்து மறுபடி போட்டார். பிறகு விரல்கள் ஓடத் தொடங்கின. யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்த ஒருத்தி எட்டிப் பார்த்து, "நாலாவது ஓலைய மடிச்சுல்லா விடுதாவ, அதான் மூடி நிக்கி" என்றாள். உடனே எல்லாரும் பாடம் கேட்கச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 17, சனி

மிருதுளா போகும்போது சொன்னது: ஒன்பது அடுக்கும் இந்த அட்டையோடு போகக் கூடாது, தனியே எடுத்து வைக்க வேண்டும். நடந்ததை அவள் எழுதித்தான் ஆவாள். சான்றிதழ் பற்றி ஆபீஸ் முடிவு செய்யும். கை மரத்த பதினொரு பேரும் டாக்டரைப் பார்த்த பிறகுதான் மறுபடி ஓலையைத் தொட வேண்டும். ஆர்டர் தாமதமாகும் என்று டென்மார்க்குக்கு அவளே சொல்லிக்கொள்வாளாம்.

தலைவிப் பதவியை விட்டுவிடுகிறேன் என்று மிக்கேலம்மாளிடம் சொன்னேன்.

"விடுங்க. நான் எடுத்துக்கிடுதேன்" என்றாள்.

இவ்வளவு வேகமாகச் சம்மதிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனோம். புதுக் கண்டக்டர் இவரிடம் டிக்கெட் கேட்டார். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கையில் கரண்ட் விட்டுப் பார்த்தார்கள். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கிறதாம். சின்ன ஆபரேஷன், உள்ளங்கைக்குக் கீழே. நாள் தள்ளியதால் உணர்வு முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியும் என்றார் டாக்டர்.

"எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார்.

"மூணு மாசம் இருக்கும்" என்றேன்.

"எட்டு மாசம் டாக்டர்" என்றார் இவர். "கிறிஸ்மஸுக்கு முறுக்குப் பிழியும்போது கை மாத்தினா. பொங்கலுக்குப் பெறவு பாட்டில் மூடி தொறக்க முடியல. ஈஸ்டருக்கு மெழுகுதிரி கையில சுட்டது தெரியல. மே மாசத்துலருந்து எழுத்து கோணுது."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பஸ்ஸுல எத்தன கைய பாத்திருப்பேன். எந்தக் கை கம்பியப் பிடிக்கும், எந்தக் கை விட்டுரும்னு தெரியும்ட்டி."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா ஒண்ணுமில்லம்ப. அதோட பேச்சு முடிஞ்சிரும். ஓய்வு பெறட்டும், கூட இருந்து பாத்துக்கிடலாம்னு இருந்தேன்."

ரவையும் சீனியும் எறும்பும் டிரம்மும் துருவிய தேங்காயும் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன. இந்த நோட்டில் நான் எழுதியதை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். சில பக்கங்களைக் கிழிக்கலாமா என்று தோன்றியது. வேண்டாம். கிடக்கட்டும்.

அவருக்கு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சங்கக் கூட்டம். சென்னையிலிருந்து கடிதம். எச்சரிக்கை மட்டும், சான்றிதழ் தொடரும். மணிக்கு ஒருமுறை எல்லாரும் எழுந்து கை உதறி ஓய்வெடுக்க வேண்டும் என்று நிபந்தனை. ஆர்டருக்கு ஐந்து வாரம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

அடுத்து, இஞ்ஞாசிமுத்து சங்கத்தில் முடையலாமா என்று ஓட்டெடுப்பு. "ஆம்பளையச் சேத்தா நாளைக்குத் தலைவராகணும்னு நிப்பாவ" என்றாள் புதுத் தலைவி மிக்கேலம்மாள். வேலை செய்யலாம், ஓட்டுரிமை கிடையாது என்று முடிவானது. அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

"கண்டக்டருக்கு ஸ்டீயரிங் எதுக்கு?" என்றார்.

கைதட்டினார்கள். அவரிடமிருந்த பழைய விசிலைக் கொண்டு வரச் சொல்லி, மணிக்கு ஒருமுறை ஊதுகிற பொறுப்பையும் கொடுத்துவிட்டார்கள். நாளையிலிருந்து சவேரியார்விளையில் பஸ் இல்லாமலே விசில் கேட்கும்.

ஒன்பது அடுக்குக்கும் புது அட்டை வரும். இரண்டு பெயர் போடச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய பெட்டி இரண்டும் நான், சின்னது அவர். யார் பெயர் முதலில் என்று இன்னும் பேசி முடியவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

இதை எழுதுவது நான் இல்லை. புதன்கிழமை ஆபரேஷன் முடிந்தது. வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல இவர் எழுதுகிறார். நான் சொல்வதை மட்டும் எழுத வேண்டும், முன்பக்கங்களைப் படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். (படிக்கவில்லை. – இ.மு.)

வலி பரவாயில்லை. (பரவாயில்லை என்று சொல்கிறாள். ராத்திரி தூங்கவில்லை.) நடுவில் எழுதக் கூடாது என்றேன். (சரி.)

மிக்கேலம்மாள் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு ஆபரேஷன் தேவையில்லையாம், மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு இரண்டு மாதம் ஓய்வு எடுத்தால் போதும். தலைவி வேலை பெரிய தலைவலி என்று ஒரு மணி நேரம் அழுதாள். கேட்க ரொம்பச் சுகமாக இருந்தது.

இன்று இவர் மீன் குழம்பு வைத்தார். புளி அதிகம். (அளவாக இருந்தது.) இடது கையால் சாப்பிடத் தெரியாமல் சேலையெல்லாம் சிந்தினேன். இவர் பிசைந்து ஊட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டாள். பார்த்தால் பார்க்கட்டும்.

இன்னும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. பல நாளாக எழுத நினைத்தது. ஆனால் அதை இவரிடம் சொல்லி, இவர் கையால் எழுத வைக்க முடியாது. கட்டுப் பிரித்து, பேனா பிடிக்க வந்ததும், நானே எழுதிக்கொள்கிறேன்.

(என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்கிறாள். மறுபடி கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, நோட்டை மூடுங்க என்கிறாள். மூடுகிறேன். காது மட்டும் சிவந்திருக்கிறது. – இ.மு.)